பதினேழு வெட்டு

பிரஜோற்பத்தி வருஷம் ஆடி மாதம் 9-ந் தேதி,
ஆம்பூர்.

சென்னைப்பட்டணத்துக் காலேஜில் கண்ணாடிச் சாமான் கழுவி அடுக்கும் வேலையில் இருக்கும் என் தம்பி வேதாசலத்துக்கு, அக்கா அமிர்தவள்ளி ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம் என்று எழுத வேண்டும். உன் மாமா போய் எண்பது நாள்கூட ஆகாத வீட்டிலிருந்து அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. நீ சுகமாக இரு.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. எனக்கு இரண்டாம் வகுப்புப் படிப்புதானே, எழுத்துக் கூட்டி மூன்று தரம் படித்தேன். நாங்கள் வெயிலில் வைத்துக் காத்த பன்னிரண்டு கண்ணாடிக் குழாயில் இரண்டில், இலை தனக்குள் உண்டாக்குகிற சரக்கைப் போல ஏதோ கொஞ்சம் உண்டாகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஆனாலும் நோட்டில் ஆறு நாள் காலியாக இருப்பதால் ஆம்பூர்க் குழாய்களைப் புரபசர் மொத்தமாகத் தள்ளிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறாய். அதோடு விட்டாயா? "ஏதாவது எழுதி நிரப்பி அனுப்பியிருக்கக் கூடாதா அக்கா" என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

மாசி மாதம் வைக்கோல் போட்ட பெட்டியில் அந்தக் குழாய்களை நீதான் கொண்டுவந்தாய். பட்டணத்தைவிட இங்கே வெயில் ஜாஸ்தி என்றாய். தோல் தொழிற்சாலை பாய்லரில் பதினோரு வருஷம் கரி தள்ளி, நெஞ்சு கெட்டு, இனி வராதே என்று அனுப்பப்பட்டு உன் மாமா வீட்டோடு கிடந்த நேரம் அது. இலை வெயிலையும் தண்ணீரையும் காற்றையும் வைத்துக்கொண்டு மரத்தை வளர்க்கிறது, அந்த வேலையைக் கண்ணாடிக்குள் நடத்திவிட்டால் புகையில்லாமல் எரிக்க ஒன்று கிடைக்கும், கரியே வேண்டாம் என்று சொன்னாய். பூமியில் தோண்டுகிற கரியும் ஒரு காலத்தில் வெயில் குடித்த மரம்தான் என்றாய். அவர் சிரித்தார். "இன்னா வேதாசலம், அப்போ நேரா வெயில்கிட்டயே வாங்கிக்கலாமே. நடுவுல நான் எதுக்குடா கருகணும்?" என்றார். சிரிப்பு இருமலாகிக் கறுப்பாகத் துப்பினார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் கவனித்தேன்.

அன்று முதல் அதுதான் அவருக்கு வேலை. வாசலில் பலகை போட்டுக் குழாய்களை அடுக்கி, தொழிற்சாலைச் சங்கு ஊதுகிற ஏழு மணி, பன்னிரண்டு மணி, நாலு மணிக்கு வெயில் பக்கம் திருப்புவார். உடனே நோட்டில் எழுதுவார். ஒரு நாள் காய்ச்சல் வேகத்தில் நாலு மணிக்கு எழுத மறந்துவிட்டார். திருப்பியதை நானே பார்த்தேன், இப்போது எழுதுங்களேன் என்று மறுநாள் சொன்னேன். "அப்பவே எழுதாதது பொய்யிடி. ஒண்ணு உள்ள பூந்தா நோட்டு பூரா பேஜாராயிடும்" என்றார். பங்குனியில் அந்த ஒரு கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கும், எடுத்துப் பார்.

சித்திரை இருபத்தெட்டு விடியற்காலையில் அவர் உயிர் போயிற்று. மாமியார் என்னை மூலையில் உட்காரவைத்தார். பதினாறு நாள் வெளியே தலை காட்டக் கூடாது என்றார்கள். அவர் பாய், துணி எல்லாம் மூட்டையாகி வண்ணார் வீட்டுக்குப் போயிற்று. தலைமாட்டில் இருந்த நோட்டும் அதற்குள் போய்விட்டது. ஏழு மணிச் சங்கு ஊதிற்று. நான் எழுந்து வாசலுக்குப் போய்க் குழாய்களைத் திருப்பினேன். தெருவே வாயைப் பொத்திக்கொண்டது. "புருஷன் உடம்பே இன்னும் எடுக்கல, அம்மாவுக்கு வெயில் காயணுமாம்" என்றாள் அவருடைய அத்தை. பக்கத்து வீட்டு வஹீதாதான், "விடுங்கம்மா, அவ புருஷன் வேலையைத்தானே செய்யறா" என்று குறுக்கே நின்றாள். அவள் இல்லாவிட்டால் அந்தக் குழாய்களை அன்றே உடைத்திருப்பார்கள்.

எழுதக் காகிதம் இல்லை. தொழிற்சாலையில் கூலிக்குப் போகிற நாங்கள், சுண்ணாம்புக் குழியில் தோலை எத்தனை தரம் புரட்டினோம் என்பதற்குத் தோல் வார்த்துண்டில் வெட்டுப் போட்டு வைப்போம். அதைப் பார்த்து மேஸ்திரி ஒத்துக்கொள்வார், முதலாளியும் ஒத்துக்கொள்வார். அப்படி ஒரு வார் எடுத்து, ஒவ்வொரு தரம் திருப்பியதும் அரிவாள்மனையில் ஒரு வெட்டுப் போட்டேன். ஆறாம் நாள் பொழுது சாய்ந்த பிறகு வஹீதா வண்ணார் வீட்டுக்குப் போய் நோட்டைத் தேடிக் கொண்டுவந்தாள். ஏழாம் நாளிலிருந்து அதில் இருப்பது என் கோணல் எழுத்து. அந்த ஆறு நாளையும் நிரப்ப எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பேனாவை எடுத்தேன். அவர் சொன்னது ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன்.

நிரப்பியிருந்தால் புரபசர் எடுத்துக்கொண்டிருப்பார் அல்லவா? பொய்க்கு இடம் உண்டு, காலிக் கட்டத்துக்கு இடம் இல்லை. இது என்ன படிப்பு? ஏன் காலி என்று கேட்க அத்தனை பெரிய காலேஜில் ஒரு வாய் இல்லையா? புரபசருக்காவது தெரியாது. அது எந்த ஆறு நாள் என்று உனக்குத் தெரியும். கருமாதிக்கு வந்து என் எதிரில் இலை போட்டுச் சாப்பிட்டவன் நீ. அதை அவரிடம் சொன்னாயா? பாய்லர்காரன் பெண்டாட்டி திருப்பினாள் என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்ததா?

இப்போது பாய்லரில் நிற்கிறவன் யார் தெரியுமா? உன் மாமாவின் தம்பி காசி. போன வாரம் எங்கள் வேலிப் பக்கம் நின்று இருமித் துப்பினான். அவன் போன பிறகு போய்ப் பார்த்தேன். அதே கறுப்பு. உங்கள் கண்ணாடிக் குழாய் வேலை அவன் காலத்துக்குள் வந்து சேருமோ சேராதோ, எனக்குத் தெரியாது. இதுவரை வந்ததையும் தள்ளிவிட்டால் மீதி எப்படி வரும்?

அந்த வாரை இதோடு வைத்திருக்கிறேன். மேசைமேல் போட்டுவிட்டு வராதே. புரபசர் கையில் கொடு. ஒரு நாளைக்கு மூன்றாக ஆறு நாளுக்குப் பதினெட்டு வெட்டு இருக்க வேண்டும் என்பார். எண்ணச் சொல். பதினேழுதான் இருக்கும். முதல் நாள் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது உன் மாமாவைத் தூக்கினார்கள். அந்த ஒரு தரம் நான் குழாய்ப் பக்கம் போகவில்லை. போகாததற்கு வெட்டும் போடவில்லை. இதையும் சொல்.

குழாயை எடுக்கிற உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நெஞ்சில் புகை படாமல் நீ நூறு வயது இரு. புரபசர் முன்னால் போய் நிற்கும்போது உன் நாக்குக்குத் தைரியம் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
அமிர்தவள்ளி