பெல்ட்டில் ஆறாவது ஓட்டை

பூமாரி அப்பாவுக்கு,

குர்லா கம்பெனிக்குப் போக நேரமாச்சு, அதான் எழுதி வைக்கேன். நாக்பூர் ரயில்ல சாப்பிட அவிச்ச பயறும் ரெண்டு வெள்ளரிக்காயும் டப்பாவுல இருக்கு. சாவிய பக்கத்து வீட்டு முருகம்மாக்காட்ட குடுத்துருங்க.

ஒரே ஒரு சந்தேகம். குண்டாயிட்டீங்கன்னு நான் சொன்னதுக்கு, சரக்கு விக்கப் போற ஊர்ல ஒரு வேளைதான் சாப்பிடுதேன், உடம்பு போடவே இல்லைன்னு நேத்து கோவிச்சிக்கிட்டீங்க. நம்ம பட்டறையில பெல்ட்டுக்கு அஞ்சு ஓட்டைதான போடுவோம்? போன தடவை நீங்க கட்டிட்டு வந்த பெல்ட்டுல ஆறு இருக்கே, அதுவும் தளத்திக் கட்டுத நுனிப் பக்கமா, அது எப்படி?

பொன்செல்வி

ஓட்டை போடுத குறடை உங்க சாம்பிள் பையில தேடாதீங்க. என்கிட்ட இருக்கு.

சண்டைக்குக் கேக்கல. அங்க அப்படி என்னதான் தின்னுதீங்க? எனக்கும் அதுல ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாங்க.