நைனாவின் முடிச்சு அவிழவில்லை

இன்று அறிவியல் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "யாருக்குமா இது? வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?"

ஸ்கேல் வைத்து நான் கட்டம் போட்ட பக்கம். காலையில் சாப்பிட்ட பிறகு, வலி வீக்கத்துக்கு அரை மாத்திரை. காலையும் மாலையும் நரம்பு வலிக்கு ஒரு மாத்திரை. கொடுத்ததற்கெல்லாம் ஒரு டிக்.

"அண்ணனுக்கு மிஸ்" என்றேன். பொய் இல்லை. நான் பிறந்தபோது உனக்கு ஒரு வயது. "உங்க அண்ணன் சாப்ட்டானா?" என்றுதான் நைனா தினமும் கேட்பார். அண்ணனுக்கு நான்கு காலும் ஒரு வாலும் உண்டு என்பதை மட்டும் நான் டீச்சரிடம் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில் நீ படியேற யோசித்தாய். குனிந்து சாப்பிட முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாய். முதுகைத் தொட்டால் தோல் துடித்தது. சோம்பேறித்தனம் என்றுதான் முதலில் நினைத்தோம். பொன்னேரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனபோது டாக்டர் உன் முதுகெலும்பை ஒவ்வொன்றாக அழுத்தினார். ஓர் இடத்தில் நீ கத்தினாய். எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை தேய்ந்து பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். இரண்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். "மனுஷங்க மாத்திரை எதுவும் குடுத்துடாதீங்க. ஒரு மாசம் ஓடக் கூடாது, தாவக் கூடாது. வலி கொறஞ்சதும் ஓடப் பார்ப்பான். அப்பதான் ஜாக்கிரதையா இருக்கணும்." அதையும் எழுதி அடிக்கோடு போட்டேன்.

நீயோ பெரிய கில்லாடி. இட்லிக்குள் மாத்திரையை வைத்தால் இட்லி உள்ளே போகும், மாத்திரை வெளியே வரும். நீ படுக்கும் சாக்கை உதறியபோது மூன்று மாத்திரைகள் உருண்டன. "உன்ன விட வெவரமா கீறான்டி உங்க அண்ணன்" என்று அம்மா சிரித்தாள். அன்றிலிருந்து மஞ்சள் கருவில் பிசைந்து என் விரலால் ஊட்டினேன்.

நீ ஓடாமல் இருக்க உன்னைக் கட்டிப்போட்டது நைனா. கும்மிடிப்பூண்டியில் லாரிகளில் இரும்புக் கம்பி ஏற்றிக் கயிறு கட்டுகிறவர் அவர். கழுத்தை இழுக்காதபடி உன் மார்பைச் சுற்றிக் கயிறு போட்டு, ஜன்னல் கம்பியில் முடிந்தார். "இருபது வருசமா கட்றேன். என் முடிச்சு ஒண்ணு அவுந்ததுன்னு எவனாவது சொல்லட்டும்" என்றார்.

பதினோராம் நாள் சாயங்காலம் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பத்து வருடமாக அந்தச் சத்தத்துக்கு நைனாவை எதிர்கொண்டு ஓடியவன் நீ. அன்று எழுந்தாய். நடுங்கவில்லை. முதுகு வளையவில்லை. என்னைப் பார்த்து முனகினாய். வால் சுவரில் பட் பட்டென்று அடித்தது. பத்து நாளாக நான் ஒரு வேளையும் தவறவிடவில்லை. உனக்குக் குணமாகிவிட்டது, குணமாக்கியது நான் என்று நினைத்தேன். அந்தக் கர்வத்தோடு முடிச்சை அவிழ்த்தேன்.

குட்டியைப் போல ஓடினாய். வாய்க்காலைத் தாண்டிக் குதித்தாய். முன்கால்கள் நின்றன. பின்பாதி அப்படியே மடங்கியது. கத்தக்கூட இல்லை. முன்கால்களால் இழுத்துக்கொண்டே நைனாவிடம் போகப் பார்த்தாய்.

உன்னைத் தூக்கிவந்த நைனா கேட்டார்: "கயிறு இன்னாச்சு?"

"அவுந்துடுச்சு" என்றேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். "நான் போட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு பதினெட்டு நாள். டாக்டர் மாத்திரையை மாற்றினார், கால்கள் திரும்பவில்லை. புண் வராமல் இருக்க உன்னைப் புரட்டிப் படுக்கவைத்தோம். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து நைனா தூக்கிப் பிடிக்க, நீ முன்கால்களால் நடந்து மூத்திரம் போனாய். படுக்கையிலேயே போய்விட்ட நாளில் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என் பாதத்தின் மேல் தாடையை வைத்தபடி மூச்சை நிறுத்திவிட்டாய். நைனா பின்பக்கம் வேப்பமரத்தடியில் குழி தோண்டினார். நான் எதையும் சொல்லவில்லை.

மூன்று மாதமாகிவிட்டது. நைனாவோடு வேலை செய்யும் எதிர்வீட்டு மாமா நேற்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்: "இன்னாக்கா, உங்க ஊட்டுக்காரரு ஒரு லாரிய கட்றதுக்குள்ள ரெண்டு லாரி ஆந்திரா போய்ச் சேந்துடுது. முடிச்சப் போட்டுக்கினு அதுக்கே காவல் நிக்கிறாரு! கீழ எறங்கினவரு மறுபடி ஏறி இழுத்துப் பாக்கிறாரு." அம்மாவும் சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை.

இன்று டீச்சரிடம் நோட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நைனா டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றேன்.

"முடிச்சு அவுழல நைனா. நான்தான் அவுத்து உட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன்.

"அவுக்கறப்ப வால ஆட்டினானா?"

"ஆட்டினான் நைனா."

"என்னாண்டதான் வந்துக்கினு இருந்தான்" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இன்னொரு கையால் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

அவரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கயிறு தளர்ந்ததும் நீ உடனே ஓடவில்லை. திரும்பி, அவிழ்த்த என் கையை ஒருமுறை நக்கினாய். அப்புறம்தான் ஓடினாய்.