ஆணியில் தொங்கும் தொப்பி

லைடன், செவ்வாய்க்கிழமை

என் அன்பு மனைவி அலெய்ட்டுக்கு,

நான் சுகம். உன் பல்வலி தேவலையா? அம்மாவின் இருமல் நின்றதா?

கம்பளி வியாபாரி லாம்பெர்ட் வீட்டு முன்னறையை வரைகிற வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. கறுப்பு வெள்ளைத் தரை, பித்தளை விளக்கு, ஜன்னலோரம் தையலோடு அவர் மனைவி சாரா, எல்லாம் வந்துவிட்டன. கண்ணில் பட்டதை ஒன்று விடாமல் வரைகிற என் பழக்கம்தான் வினையாகிவிட்டது.

நேற்று லாம்பெர்ட் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"ஆணியில தொங்குதே, அது யாரு தொப்பி?"

அவர் பத்து நாள் ஊரில் இல்லாதபோது நான் வரைந்த மூலை அது. சாராவின் ஊசி அப்படியே நின்றுவிட்டது.

"என்னுதுதாங்க" என்றேன்.

"உம்ம தலையில இந்தக் குல்லாயைத் தவிர வேற எதையும் பார்த்ததில்லையே, ஓவியரே! ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு அதைப் போட்டுட்டு வாரும், பார்ப்போம்."

நீ பயப்படாதே, சிரிப்பதற்காகத்தான் எழுதினேன். படத்தில் இருப்பதைப் போலவே அகல விளிம்பு வைத்த என் கறுப்புத் தொப்பியைச் சனிக்கிழமைக்குள் வந்து சேரும்படி படகில் அனுப்பு. இரண்டு ஜோடி காலுறையும் வை. நாலு வரி எழுதியும் வை. இந்த வீட்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை.

படகுக்காரர் கத்துகிறார், முடிக்கிறேன். தொப்பி நம் வாசல் ஆணியில்தான் இருக்கும். நான் கிளம்பி எட்டு மாதமாகிறதே அலெய்ட், அந்த ஆணியில் தொங்குவது என் தொப்பி ஒன்றுதானே?

உன் யோஸ்ட்