ஏழாவது துளைக்கு ஒரே வரி

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்று மனம் வரவில்லை. மூன்று நாளாக நீ போனை எடுக்காததால் இந்தக் கடிதம். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கியிருப்பாய். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

மலைக்குள் குடையப்போகும் ஆய்வுச் சுரங்கத்துக்கான பாறை அறிக்கை எங்கள் முகாமுக்கு வந்து சேர்ந்தது. வழவழ அட்டை, மேலே மலையின் வண்ணப்படம். உள்ளே, பாறையைச் சோதிக்க நாங்கள் போட்ட துளைகளில் ஏழாவதைப் பற்றி நான் எழுதிய நாலு பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி: ‘இயந்திரக் கோளாறால் பாதியில் கைவிடப்பட்டது.’ அதன் கீழே நிலவியலாளர் என்று என் கையெழுத்து. பக்கத்தில் திட்டப் பொறியாளர் என்று உன்னுடையது.

எந்த இயந்திரம் கெட்டது, சொல். நூற்றுத் தொண்ணூறு மீட்டர் வரை ஒரு சிக்கலும் இல்லாமல் இறங்கினோம். அதற்குக் கீழே பாறை பாறையாகவே வரவில்லை. குழாயைத் தட்டினால் நொறுங்கிய பிஸ்கட் மாதிரி கொட்டியது. பின்னாலேயே தண்ணீர், நாலு நாள் நிற்காமல் பொங்கியது. துளை போடும் மேஸ்திரி முப்பது வருஷமாக மலையைக் குடைகிறவர். “இதுக்குள்ள ஆள இறக்குனா எத்தன பேரு ஏறி வருவாங்கன்னு என்னால சொல்ல முடியாதும்மா” என்றார். சுரங்கம் அந்த இடத்துக்குள்தான் போகப்போகிறது.

நீயும் வந்தாயே. பாறை மாதிரிகள் வைத்த பெட்டிகளை வரிசையாகத் திறந்து காட்டினேன். மற்ற துளைகளிலிருந்து எடுத்ததெல்லாம் உருளை உருளையாகக் கருங்கல். ஏழாவதில் ஈரச் சரளை. ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினாய், பொடிந்தது. “பாதைய மேற்க தள்ளணும்க்கா. ஒரு வருஷம் போயிடும்” என்று நீதான் சொன்னாய். சொல்லிவிட்டு என் டிபன் பாக்ஸையும் காலி செய்துவிட்டுப் போனாய்.

அந்த ஒரு வருஷம்தான் உனக்குக் கசந்துவிட்டது. நேற்று உன் மனைவியிடம் கேட்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் நச்சரித்தேன். ஒரு துளைக்காக மொத்தத்தையும் நிறுத்துவதா என்று திட்ட இயக்குநர் கேட்டாராம், நீ தலையாட்டினாயாம். அவர் பாறையைப் பார்க்காதவர். நீ கையில் பிடித்துப் பார்த்தவன்.

என்னிடம் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டைகூட வேண்டாம் என்று பழைய தாளிலிருந்து என் கையெழுத்தை எடுத்து ஒட்டியிருக்கிறாய். அக்கா விட்டுக்கொடுத்துவிடுவாள் என்ற தைரியம். சின்ன வயதில் நீ உடைத்ததை நான் உடைத்தேன் என்று அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். அது ஜன்னல் கண்ணாடி. இது மனுஷர்கள் தலைக்கு மேல் நிற்கிற மலை.

இன்று காலை ஒரு லாரி வந்தது. ஏழாவது துளையின் பெட்டிகளை மட்டும் ஏற்றிப்போக வேண்டுமாம். யார் சொன்னது என்று கேட்டால் ஓட்டுநர் தாளை நீட்டினார். உன் உத்தரவு. கிடங்கைப் பூட்டி, வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரியும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். உங்களுக்கு வேலை போய்விடுமே என்றேன். “ஊர்ல வேற மலையே இல்லையா?” என்றார். மதியம் வரை நின்று பார்த்துவிட்டு லாரி வெறும் வண்டியாகத் திரும்பியது.

மறு ஆய்வுக் குழுவுக்குப் படங்களோடு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். வரும் திங்கட்கிழமை அனுப்பப் போகிறேன். அதற்குள் நீயே அவர்களுக்கு எழுதினால் என்னுடையதைக் கிழித்துப் போடுகிறேன். தப்பு நடந்துவிட்டது, திருத்துகிறேன் என்று இரண்டு வரி போதும். பதவி போகலாம். போகட்டும், வேறு தேடிக்கொள்ளலாம். நீ எழுதாவிட்டால் என் கடிதம் போகும். அதில் உன்னைப் பதவியைச் சொல்லித்தான் குறித்திருக்கிறேன். ‘என் தம்பி’ என்று இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்தேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வேலை தொடங்கும் நாளில் முதல் ஆளாக நீதான் கீழே இறங்கப்போகிறாய் என்று உன் மனைவி பெருமையாகச் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எழுதிவிடு, தம்பி. நீ நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா