குளிரில் என்னைக் கதைக்க வைத்தவளுக்கு

உன் மனிசன் நேற்று அந்த டீசல் ஹீற்றரைக் கொண்டுவந்து என் கராஜில் இறக்கிவிட்டுப் போனார். "எறியவும் மனமில்லை, வீட்டில வைச்சுப் பாக்கவும் ஏலாமல் கிடக்கு" என்றார். தேத்தண்ணி குடிக்கக்கூட நிற்கவில்லை. அவர் போன பிறகு கராஜ் கதவைத் திறந்தேன். டீசல் மணமும், அதைச் சுற்றியிருந்த பழைய கூடாரத்துணியின் பூஞ்சண வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. சாத்தினேன். திரும்பவும் திறந்தேன். நேற்றிலிருந்து இதுதான் வேலை. ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. இதைக்கூடக் குசினி மேசையில் பாதி நின்றபடிதான் எழுதுகிறேன்.

நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். எங்கள் இருவரில் அந்தரப்படுகிறவள் நீதானே. பள்ளிக்கூடத்தில் மணி அடிக்குமுன்பே புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருப்பவள். மெல்பேணில் பஸ் ஓட்டப் போனாய். கிழமை முழுக்க ஒரே பாதையில் சுற்றிய அலுப்பைத் தீர்க்கப் பாதையே இல்லாத இடங்களைத் தேடினாய். டிப்போவில் கூட வேலை செய்தவர்கள் மரை மான் வேட்டைக்குக் கூட்டிப் போனார்கள் என்றும், துவக்கு லைசென்ஸ் எடுக்கப் போகிறாய் என்றும் நீ வந்து சொன்னபோது நான் கிளேட்டனில், வேலை செய்யும் மருந்துக்கடைக்குள் நின்றேன். "உனக்கு விசரே?" என்று கத்திவிட்டேன். மருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த மரையளும் இலங்கையில இருந்து கப்பலில வந்ததுகளாம், தெரியுமே? வெள்ளைக்காரன் வேட்டைக்கெண்டு கொண்டுவந்து விட்டவனாம். இப்ப மலை முழுக்க நிக்குது. எங்கட ஊராக்கள், ஒருக்காப் போய்ப் பாக்க வேண்டாமே?"

அடுத்தடுத்த குளிர்காலங்களில் நீ போனாய், வெறுங்கையோடு வந்தாய். ஒரு நல்ல ஆண் மரையைக் கிட்ட நின்று காணவேண்டும், அது ஒன்றுதான் உன் ஆசை. என் மகன் வேலை கிடைத்து வெளிநாடு போன வருடம், "வீட்டுக்குள்ள இருந்து சுவரைப் பாக்கிறதுக்கு என்னோடை வந்து மலையைப் பார்" என்று என்னையும் இழுத்தாய். ஜூன் மாத நீண்ட வார இறுதி, இங்கே குளிர் தொடங்கும் காலம். நான் கம்பளிச் சட்டைகளையும் மாசிக் கருவாட்டுச் சம்பலையும் கட்டிக்கொண்டு உன் பழைய ஜீப்பில் ஏறினேன்.

ஆற்றங்கரையில் நாங்கள் போய் இறங்கியபோதே வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. கூடாரத்தை விரித்தோம். குளிரில் விறைத்திருந்த கம்பி வளைத்த உடனேயே பட்டென்று முறிந்தது. மரக்கொம்பு ஒன்றை வைத்துக் கட்டினாய். காஸ் அடுப்பைப் பற்றவைத்தோம். நீலமாக ஒரு மூச்சு விட்டு அணைந்தது. குளிரில் உள்ளே காஸ் உறைந்து கிடக்கிறது என்று சொல்லி, அந்தச் சின்னச் சிலிண்டரை உன் ஜக்கெற்றுக்குள் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாய். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கடைசியில் தண்ணீர் சூடானது, கொதிக்கவில்லை. அந்த இளஞ்சூட்டில் ஊறிய நூடுல்ஸை மாசிச் சம்பலோடு சாப்பிட்டோம்.

இந்த ஹீற்றரை எவ்வளவு பெருமையோடு இறக்கினாய்! ஆரோ பாவித்ததை இணையத்தில் தேடிப் பிடித்தது. ஜீப்பின் பற்றரியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தாய். அது உறுமியது, வெள்ளைப் புகை கக்கியது, அடங்கியது. பிறகு தானாகவே மறுபடி உறுமியது. "பிடிக்கப் பாக்குது, விடு" என்றாய். விட்டோம். காலையில் ஹீற்றர் செத்துக் கிடந்தது. ஜீப்பின் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். ஹீற்றர் உறுமி உறுமியே பற்றரியைக் குடித்து முடித்திருந்தது. போனில் சிக்னல் இல்லை. வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடித் தகடு போல் பனிக்கட்டி.

"வீட்டை போவம்" என்றேன்.

"எதில போறது?"

"எனக்குத் தெரியாது. நீதானே கூட்டிக்கொண்டு வந்தனி!"

"அப்ப வா, ஆராவது வருமட்டும் சும்மா இராமல் நடப்பம். ஜீப் ஓடாட்டி என்ன, கால் ஓடுமெல்லே."

அந்த நேரத்தில் உன்னை அடிக்கலாம் போல இருந்தது. ஆனாலும் தனியே இருக்கப் பயந்து பின்னால் வந்தேன். நீ துவக்கோடு முன்னே, நான் செம்மஞ்சள் மேலங்கியோடு பின்னே. வானம் இருண்டு, மழையும் பனியும் கலந்து சாய்வாக அடித்தது. சிற்றோடை ஒன்றைக் கடக்கும்போது பாசிக்கல்லில் கால் வைத்தேன். கழுத்துவரை தண்ணீருக்குள் போய்விட்டேன்.

அதன் பிறகு நடந்ததில் பாதியை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இழுத்துக் கரையேற்றி, தோளில் சாய்த்து நடத்தினாயாம். முதலில் பல் கிட்டி நடுங்கினேனாம். பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. "இப்ப குளிரேல்லை, சுகமாக் கிடக்கு" என்று நான் சொன்னேனாம். அதைக் கேட்டதும், குளிர் உள்ளே இறங்கிவிட்டது என்று பயந்து என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினாயாம்.

"கதை. கதைச்சுக்கொண்டே நட. மீன்குழம்புக்கு முதல் என்ன போடுவாய்?"

"சீனி."

"சீனியோ? வடிவா யோசிச்சுச் சொல்லு. சட்டி வைச்சாச்சு, எண்ணெய் விட்டாச்சு. பிறகு?"

"அம்மா கூப்பிடுறா. நான் போயிட்டு வாறன்."

என் அம்மா செத்துப் பல வருடம் என்பது உனக்குத் தெரியும். கன்னத்தில் ஓர் அறை விட்டாய். அந்த அறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இப்ப போகேலாது. முதல்ல குழம்பை முடி!"

அந்த இடத்தில்தான் அது நின்றது. இதையும் நீயே சொன்னாய். ஓடைக்கு அந்தப் பக்கம், மறைவே இல்லாத வெளியில், கொம்பு விரித்த பெரிய ஆண் மரை. ஈர மயிரிலிருந்து ஆவி பறக்க உன்னையே பார்த்துக்கொண்டு நின்றதாம். துவக்கு உன் தோளில். ஆனால் துவக்கை எடுக்க வேண்டுமானால் என்னை விடவேண்டும். விட்டால் நான் அப்படியே நிலத்தில் இருந்துவிடுவேன். "உனக்கு வாற நேரம் தெரியாதோ? போ!" என்று மரையைப் பார்த்துத் திட்டிவிட்டு, "ம், புளி எப்ப விடுவாய்?" என்று என்னிடம் திரும்பினாயாம்.

ஜீப்புக்குள் ஏற்றி ஈர உடுப்பைக் கழற்றி, உன் காய்ந்த ஜக்கெற்றை எனக்குப் போட்டு ஸ்லீப்பிங் பாக்கில் திணித்தாய். விறகெல்லாம் நனைந்து கிடந்தது. எரியவே எரியாத இந்த ஹீற்றரின் தொட்டியிலிருந்து டீசலை ஊற்றி, பழந்துணியில் தோய்த்து நெருப்பு மூட்டினாய். அதற்குப் பிறகு நீயும் பைக்குள் நுழைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டு கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாய். எந்த ரீச்சருக்கு என்ன பட்டம்? எந்த ஒழுங்கையில் என்ன மரம்? நடுக்கம் திரும்பி வந்தபோது, "ஆடு, நல்லா ஆடு" என்று நீ அழுதது எனக்குக் கேட்டது.

பின்னேரம், பின்பக்கம் திறந்த யூட் வாகனம் ஒன்றில் கணவனும் மனைவியுமாக வயதான வேட்டைக்காரர் இருவர் வந்தார்கள். "கேர்ள்ஸ், எல்லாம் சரியா?" என்று அந்த மனிதர் கேட்டார். உன் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. "நோ வொரீஸ்!" என்றாய். அந்த மனுசி உன்னை ஒரு முறை பார்த்துவிட்டு, ஃபிளாஸ்கைத் திறந்து சூப் ஊற்றித் தந்தா. அவர் வயர் போட்டு ஜீப்பைக் கிளப்பினார். மலை இறங்கும் வழியிலேயே, "அடுத்த முறை நல்ல ஹீற்றரா வாங்குவம்" என்று தொடங்கிவிட்டாய். உன்னோடு இனி வாசல்படியும் தாண்டமாட்டேன் என்றேன். அடுத்த ஜூனில் உன் பக்கத்து சீற்றில்தான் இருந்தேன். மரையைத்தான் காணவில்லை.

உன்னைக் குளிர் கொண்டுபோகவில்லை. கோடைக் காற்று அனலாய் அடித்த ஒரு தை மாதப் பகலில், பஸ்ஸை டிப்போவில் ஒழுங்காக நிறுத்திவிட்டு, இறங்கி நடக்கையில் விழுந்தாய். மாரடைப்பு. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது மெஷின் உனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உன் கை சூடாகத்தான் இருந்தது. கதைக்க வைக்கவேண்டும், ஏதாவது கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒரு கேள்வி வரவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் ஒன்றுகூட. உன் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மறுநாள் மெஷினை நிறுத்தினார்கள்.

அதிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. பஸ்ஸில் போகும்போது, மருந்து எண்ணும்போது, முகம் கழுவும்போது வருகின்றன. அந்த ஓடைக்கரையில் உனக்குக் கை வலிக்கவில்லையா? துவக்குப் பக்கம் ஒரு கணமாவது கை போனதா? நான் ஜீப்புக்குள் இருந்து பார்க்க, சூப் தந்த மனுசியிடம் தனியே என்ன சொல்லி அழுதாய்? உன்னிடம் கேட்க இனி வழியில்லை. அவற்றை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் உலாவிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். உன் மகள் வேறு மாநிலத்தில், குவேக்கர்ஸ் ஹில்லில் தனியே இருக்கிறாள். செத்தவீட்டில் அவள் அழவில்லை. போன் எடுத்தால், "ஐ ஆம் ஃபைன், அன்ரி" என்று வைத்துவிடுவாள். நானும் சில கிழமை நம்பினேன். பிறகு அந்த ஃபைனின் சத்தம் எனக்குப் பிடிபட்டது. குளிரவில்லை, சுகமாக இருக்கிறது என்று நான் சொன்ன அதே சத்தம். இப்போது நாளாந்தம் வேலை முடிந்ததும் எடுக்கிறேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை.

இன்றைக்கு, "ஃபிரிட்ஜைத் திற. மேல்தட்டில என்ன கிடக்கு?" என்றேன்.

"அன்ரி, வொய்?"

"சொல்லு பாப்பம்."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தயிர் என்றாள். பழுதாய்ப்போன கொத்தமல்லி என்றாள். பிறகு ஒரு போத்தலை நகர்த்தும் சத்தம். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"அம்மா மார்கழியில வந்து நிக்கேக்க செய்த ஊறுகாய். ஐ கான்ற் ஓப்பன் இற், அன்ரி" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். பெரிதாக, உடம்பெல்லாம் நடுங்குகிறது என்று போனிலேயே தெரியும்படி.

நான் அவளை அழவேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஊறுகாயில் என்னென்ன போட்டவா என்று கேட்டேன். விக்கி விக்கிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.