காலி வீதிக்கு ஒரு வழி

வெள்ளவத்தை,
ஆவணி 2008

அன்புள்ள பாலேஸ்வரிக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகந்தானே? முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையுமில்லை. கொழும்பே என்னை நம்பித்தான் நடக்கிறது.

எங்கள் விமான ரிக்கற் கடையில் இனி எல்லாம் இணையத்தளத்தில்தான், பழகாதவனுக்கு வேலையில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை போனால், கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று தெருவில் மறித்துக் கேட்கும் பொலிசுக்கு என்ன சொல்வது? அந்தத் தளத்திலோ ஒரு ரிக்கற்றுக்குப் பத்துப் பக்கம். ஒவ்வொன்றிலும் திரும்பப் பெயர் கேட்டது.

அதைச் செய்த மஷூர் தம்பியைப் பிடித்தேன்.

"தம்பி, இதென்ன பக்கத்துக்குப் பக்கம் செக்பொயின்ற்?"

"பின்னுக்குப் போய்ப் பாருங்களேன், அங்கிள்."

"எங்க போறது? வெள்ளவத்தையில எந்த ஒழுங்கைக்குள்ள வழிமாறினாலும் மெயின் றோட்டான காலி வீதிக்கு வரலாம். உம்மட ஒழுங்கையள் எல்லாம் கடலுக்குள்ளயெல்லோ விழுகுது!"

விழுந்து விழுந்து சிரித்தான். ஆனாலும் மறுநாளே பத்துப் பக்கத்தை மூன்றாக்கி, எல்லாவற்றின் தலையிலும் முதற்பக்கத்துக்கு ஒரு வழி வைத்துவிட்டான். முதலாளி என்னை முன்னால் இருத்தி ஒரு ரிக்கற் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு முடித்தேன். இப்போது கடையே என்னை எஞ்சினியர் என்கிறது.

வேலை நிலைத்தது, பயப்படாதீர். பிளேனில் யாராவது வந்தால் நீர் இடித்த மிளகாய்த்தூள் கொடுத்துவிடும். கடைத்தூள் இறங்குதில்லை.

பழகிப் பார்க்க உமது பெயரைத்தான் போட்டேன்: எங்கள் ஊர்ப் பலாலியிலிருந்து கொழும்பு இரத்மலானைக்கு, யன்னலோரம். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. நீர் ஓம் என்றால் அழுத்துவேன். முதலாளி கூப்பிடுகிறார்.

உமது,
கனகசபாபதி