பீரோ சாவி நம்மவர் வசம்

கட்கி, புனே
ஜனவரி 6

அன்புள்ள கீர்த்திக்கு,

அம்மாவும் நானும் உடம்பளவில் சுகம். டப்ளின் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறோம். நம் குடியிருப்புத் தமிழ் மன்றம் போன ஞாயிறு வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. மூன்று மணி நேரம், இரண்டு சுற்று டீ, பதினான்குக்கு ஒன்று என்ற ஓட்டில், சாக்பீஸும் டஸ்டரும் இருக்கும் பச்சை பீரோவின் சாவி இனி நம்மவர் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்று முடிவானது. பதினெட்டு வருடமாக அது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் மும்தாஜ் டீச்சரிடம் இருந்தது. உனக்கு ரகரம் றகரம் புரிய வைத்த அதே டீச்சர்.

நம்மவர் என்ற சொல் நான் எழுதியது. மன்ற விதிகளை எழுதிய காலத்தில் நம் எல்லோரையும் மதராஸி என்று சொல்லி இந்த ஊர்க்காரர்கள் வாடகைக்கு வீடு தர யோசித்தார்கள். தமிழ் பேசினால் நம்மவர், இதற்கு விளக்கம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அந்த விதியைத்தான் மகாதேவன் மாமா எழுந்து வாசித்தார், முப்பது வருடம் என் ஸ்கூட்டரில் ஃபேக்டரிக்கு வந்தவர். டீச்சர் என்ன தப்பு செய்தார் என்று கேட்டேன். அவங்க நல்லவங்கதான், ஆனா அவங்க ஆளுங்களைப் பத்தி தினமும் போன்ல வீடியோ வருதே, அரே கோவிந்தா, காலம் மாறிப்போச்சு என்றார். சரி, தீர்மானத்தில் டீச்சர் பெயரையே எழுதி ஓட்டெடுங்கள் என்றேன். பேரெல்லாம் போட்டா அசிங்கமா இருக்கும் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தோன்றிவிட்டது. தீர்மானத்துக்கு ஆதரவாக முதலில் கை தூக்கியவர் ஆரோக்கியசாமி. அடுத்த கூட்டம் உங்களைப் பற்றியா என்று வெளியே வந்து கேட்டேன். நான் நம்ம ஆளுதானே சார் என்று சிரித்தார்.

மறுநாள் அம்மா போபோடியில் இருக்கும் டீச்சர் வீட்டுக்குப் போனாள். சாவி ஏற்கெனவே கவரில் தயாராக இருந்ததாம். கூட்ட நோட்டீஸ் சார் கையெழுத்துல இருந்துச்சு, அவரும் சேர்ந்துதான்னு நெனச்சேன் விசாலம் அக்கா என்றாராம். நோட்டீஸ் நான் எழுதியதுதான். பீரோ சாவி பற்றி என்று மகாதேவன் சொன்னதை, பூட்டு கெட்டுவிட்டது போல என்று நினைத்து எழுதிக் கொடுத்தேன். செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். வகுப்பை நம் ஹாலில் நடத்துங்கள் என்று டீச்சரைக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. நீ ஒரு போன் செய், தமிழில் பேசு. உன் ஆபீஸிலும் யாராவது அவங்க எல்லாம் என்று ஆரம்பித்தால் சண்டைக்குப் போகாதே, யார், பெயரைச் சொல்லு என்று மட்டும் கேள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அங்கேயே நில். நான் எதிர்த்து ஓட்டுப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நோய்நொடி இல்லாமல், உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் நடுவில் நன்றாக இரு. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

உன் அப்பா,
கோவிந்தராஜன்

பி.கு.: மன்றத்தின் பொங்கல் அழைப்பிதழ் இத்துடன் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்காததால் ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள்.